பைன் மரத்தைக் கழிக்கலாமா, கழித்தால் எப்படி?

தோட்டத்தில் பச்சைப்பசேலென்று நிற்கும் பைன் மரத்துக்குப் பெரும்பாலும் கவாத்தே தேவையில்லை. கத்தரியும் ரம்பமும் வாங்கி வைத்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைனில் ஒரு கிளையை எடுத்துவிட்டால் எடுத்ததுதான், அந்த இடத்தில் இன்னொன்று வராது. அதனால் எப்படி வெட்டுவது என்று கற்றுக்கொள்வதற்கு முன்னால், எதற்காக வெட்டுகிறோம் என்று யோசித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டிய மரம் இது.

வெட்டிய இடத்தில் ஏன் துளிர்ப்பதில்லை

ரோஜாவையோ செம்பருத்தியையோ ஒட்ட வெட்டினாலும் பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். சில வாரங்களில் புதுத் துளிர் வந்துவிடும். பைன் அப்படியில்லை. அதன் மொட்டுகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். அது போக, ஊசியிலைகள் இரண்டு, மூன்று அல்லது ஐந்தாகச் சேர்ந்து வளர்கின்றன அல்லவா, அந்த ஒவ்வொரு கொத்தின் அடியிலும் மிகச் சிறிய வளர்நுனி ஒன்று ஒளிந்திருக்கும். கிளையின் நுனி போய்விட்டால் அது சில சமயம் விழித்து மொட்டாகும். ஊசி உதிரும்போது அதுவும் சேர்ந்து போய்விடும்.

பெரும்பாலான பைன்களில் ஊசிகள் 2 முதல் 4 ஆண்டு வரைதான் கிளையில் தங்கும். அதனால்தான் கிளையின் வெளிப்பக்கம் அடர்ந்த பச்சையாகவும், உள்பக்கம் வெறும் கம்பாகவும் இருக்கிறது. அந்த வெறுங்கம்பு வரைக்கும் வெட்டிவிட்டால், மிச்சம் நிற்கும் துண்டு காய்ந்து போகும். வேலி போல வழித்து வெட்டிய பைன்கள் அங்கங்கே பழுப்புத் திட்டுகளோடு நிற்பது இதனால்தான்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கேனரித் தீவுப் பைன் தீயில் கருகினாலும் அடிமரத்திலிருந்தே துளிர்க்கும். வட அமெரிக்காவின் பிட்ச் பைனுக்கும் அந்தத் திறமை உண்டு. உங்கள் மரம் இவற்றில் ஒன்று என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய, துளிர்க்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காரணத்தை ஒரே வரியில் சொல்லிப் பாருங்கள்

ஒரு கிளையைச் சுட்டிக்காட்டி, இதை ஏன் எடுக்கிறேன் என்று ஒரே வரியில் சொல்ல வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தக் கிளை இருக்கட்டும். "வச்சு ரொம்ப வருஷமாச்சு, ஒரு தடவை வெட்டிவிடலாம்" என்பது காரணம் ஆகாது. பைன் அப்படியொரு தவணைக் கவாத்தை எதிர்பார்க்கும் மரமே இல்லை.

நல்ல காரணங்கள் சில உண்டு. ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மேலே பட்டுப்போன கிளை தொங்குகிறது. ஒரு கிளை கூரையை உரசுகிறது, அல்லது நடைபாதையில் முகத்தில் அடிக்கிறது. இரண்டு கிளைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பட்டை தேய்கிறது. இளமரத்தில் உச்சி இரண்டாகப் பிரிந்து போட்டி போடுகிறது. சின்ன இடத்தில் வைத்த குட்டைப் பைன் தளர்ந்து விரிகிறது, அதை அடர்த்தியாக வைத்துக்கொள்ள வேண்டும். காட்டுத்தீ பரவக்கூடிய பகுதி என்றால், தரையில் எரியும் தீ கிளை வழியாக ஏறாமலிருக்கத் தாழ்ந்த கிளைகளை எடுப்பதும் நியாயமான காரணம்.

இனி, காரணம் போலத் தோன்றி ஏமாற்றுபவை. ஊசி கொட்டுகிறது என்று சிலர் கிளைகளைக் கழிப்பார்கள். மரம் இருக்கும்வரை ஊசி கொட்டும். நான்கைந்து கிளை போனால் கூட்டுகிற வேலை குறைந்தது போலவே தெரியாது. பிசின் வடிகிறது, காய் விழுகிறது என்பவற்றுக்கும் இதே பதில்தான். இலையுதிர் காலத்தில் உள்பக்க ஊசிகள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்து, மரம் காய்கிறதோ என்று பயந்து கிளையை வெட்டுபவர்களும் உண்டு. அது வயதான ஊசிகள் ஓய்வு பெறுகிற சங்கதி. நுனி பச்சையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காற்றில் விழுந்துவிடுமோ என்ற பயம் தனி ரகம். அதைப் புறக்கணிக்கச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கான மருந்து கிளையை உருவிவிடுவது இல்லை. அடிமரத்தில் விரிசல் இருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் ஒருபுறம் புடைத்திருக்கிறதா, மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, அடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மரம் தெரிந்த ஒருவரை வரவழைத்துக் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால், பெரிய மரம் காற்றில் ஆடுவது இயல்பு. ஆடுவதற்காகவே அது அப்படி வளர்ந்திருக்கிறது.

இரண்டாம் படி: கையில் கருவி இல்லாமல் மரத்தைச் சுற்றி வாருங்கள்

முதலில் இது என்ன பைன் என்று பாருங்கள். ஒரு கொத்தில் எத்தனை ஊசி என்று எண்ணினாலே பாதி தெரிந்துவிடும். ஸ்காட்ஸ் பைன், மியூகோ பைன், ஜப்பானியக் கரும்பைன் இவற்றுக்கு இரண்டு. சிர் பைனுக்கும் மான்டெரே பைனுக்கும் மூன்று. கிழக்கத்திய வெள்ளைப் பைனுக்கும் இமயமலை நீலப் பைனுக்கும் ஐந்து. இனம் தெரிந்தால் அது எவ்வளவு உயரம் போகும் என்பதும் தெரியும். கிழக்கத்திய வெள்ளைப் பைன் 30 மீட்டரைத் தாண்டும். அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு ஆண்டுதோறும் கத்தரியோடு மல்லுக்கட்டுவது இரு தரப்புக்கும் வீண் வேலை. மியூகோ என்ற பெயரில் விற்கும் கன்றுகளிலும் இடுப்பளவில் நிற்பவையும் உண்டு, பல மீட்டர் வளர்பவையும் உண்டு.

அடுத்து வயது. குளிர்ப் பகுதிப் பைன்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஓர் அடுக்கு கிளை வரும். அடிமரத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் நான்கைந்து கிளைகள், அப்புறம் ஓர் இடைவெளி, மறுபடி ஓர் அடுக்கு. கீழிருந்து எண்ணினால் மரத்தின் வயது ஏறத்தாழ வந்துவிடும். மான்டெரே போன்ற சில இனங்கள் ஓராண்டிலேயே ஒன்றுக்கு மேல் அடுக்கு விடும் என்பதால் எல்லா மரத்துக்கும் இந்தக் கணக்கு சரிவராது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவிலுள்ள தூரமும் ஒரு செய்தி சொல்லும். மேலே போகப் போக இடைவெளி சட்டென்று சுருங்கியிருந்தால், அண்மை ஆண்டுகளில் மரம் ஏதோ கஷ்டத்தில் இருந்திருக்கிறது. வறட்சியாக இருக்கலாம், பக்கத்தில் கட்டட வேலையில் வேர் அறுபட்டிருக்கலாம். அப்படிப்பட்ட மரத்தில் பச்சைக் கிளையைத் தொடாதீர்கள். ஒவ்வொரு பச்சைக் கிளையும் அதற்குச் சமையலறை. நட்டு இரண்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றையும் விட்டுவிடுங்கள்.

நுனி ஊசிகள் பழுப்பாகியிருந்தாலோ, அடிமரத்தில் பிசின் உருண்டைகளும் மரத்தூளும் தெரிந்தாலோ, அது கவாத்துக் கேள்வி இல்லை. நோயா வண்டா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை ஆரோக்கியமான மரத்தைப் பற்றியது.

சுற்றி வரும்போதே நான்கு விஷயங்களையும் பார்த்துவிடுங்கள்: மின்கம்பி, பறவைக்கூடு, பக்கத்து மனை, உள்ளூர் விதி. பல ஊர்களில் குறிப்பிட்ட பருமனுக்கு மேற்பட்ட மரத்தைக் கழிக்க அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை காத்திருங்கள்.

எடுக்க நினைக்கும் கிளைகளில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டு நான்கைந்து நாள் சும்மா இருங்கள். வீட்டு ஜன்னலிலிருந்து பாருங்கள், தெருவிலிருந்து பாருங்கள். மரத்தடியில் நின்று பார்க்கும்போது இடைஞ்சலாகத் தெரிந்த கிளை, தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின் உருவத்தையே தாங்கிக்கொண்டிருக்கும். இந்த நாலு நாள் காத்திருப்பு நிறையக் கிளைகளைக் காப்பாற்றும்.

எவ்வளவு எடுக்கலாம்

வளர்ந்த மரத்தில் ஓராண்டில் பச்சைத் தழையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நன்றாக ஓடி வளரும் இளமரத்திலும் நாலில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பட்டுப்போன கிளை இந்தக் கணக்கில் வராது.

இன்னொரு வரம்பும் உண்டு. கீழ்க்கிளைகளை எடுத்துக்கொண்டே போனாலும், மரத்தின் மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது தழையோடு இருக்க வேண்டும். ஒன்பது மீட்டர் மரம் என்றால் மூன்று மீட்டருக்கு மேல் மொட்டையாக்க வேண்டாம். கீழ்க்கிளைகள் வெறும் அழகுக்கு இல்லை. அவை இருக்கும்வரைதான் அடிமரம் கீழே பருத்து மேலே மெலிந்து உறுதியாக உருவாகும். சீக்கிரமே எல்லாவற்றையும் கழித்துவிட்ட மரம் நெட்டையாகப் போய், தலைக்கனத்தோடு ஆடும்.

எப்போது

பட்டுப்போன கிளையை எந்த மாதமும் எடுக்கலாம். பச்சைக் கிளையை எடுப்பதற்குக் குளிர்காலத்தின் பிற்பகுதி, அதாவது புதுத் தளிர் புறப்படுவதற்கு முந்தைய வாரங்கள், நல்ல காலம். பிசின் அப்போது குறைவாக வடியும், வண்டுகளும் அடங்கியிருக்கும். குளிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லாத இடமென்றால், மரம் தளிர் விடாமல் சும்மா இருக்கும் உலர்ந்த நாட்களைத் தேர்ந்தெடுங்கள். மழையில் வெட்ட வேண்டாம். நுனிக் கருகல் போன்ற பூஞ்சை நோய்கள் ஈரத்தில்தான் பரவும்.

வண்டைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? புதிதாக அறுத்த பைனின் பிசின் வாசனை பட்டை துளைக்கும் வண்டுகளைத் தூரத்திலிருந்தே இழுக்கும். பைன் வாடல் நோய் இருக்கும் நாடுகளில் இது இன்னும் விபரீதம். வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு நுண்புழுதான் அந்த நோய்க்குக் காரணம். நீளக் கொம்பு வண்டுகள் அதை மரம் விட்டு மரம் சுமந்து செல்கின்றன. ஜப்பான், கொரியா, சீனா என்று பரவி, 1999இல் போர்ச்சுகலிலும் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் தாக்கிய மரம் சில மாதங்களிலேயே முழுதாகக் காய்ந்துவிடும். அந்தப் பகுதிகளில் வெயில் காலத்தில் பச்சைக் கிளையை அறுப்பது வண்டுக்கு அழைப்பு அனுப்புவதுதான்.

கேண்டில், அதாவது கிளை நுனியில் நிமிரும் இளங்குருத்தைக் கிள்ளுவது மட்டும் இந்தக் கால அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வசந்தம்தான் நேரம். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கருவிகள்

விரல் பருமன் வரை கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் வளைந்த கவாத்து ரம்பம். இரண்டும் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கிய கத்தரி பட்டையை நசுக்கும். ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகும்போது 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்துக்கொள்ளுங்கள். பழைய உடை, கையுறை, கண்ணாடி அவசியம். பைன் பிசின் சட்டையில் பட்டால் அந்தச் சட்டையை இனித் தோட்ட வேலைக்கென்றே ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

காயத்தில் பூசும் பெயின்ட் வாங்க வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து, காயம்பட்ட மரத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார். மரம் நம் தோலைப் போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயம்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி அதைப் பூட்டிவிட்டு, வெளியே புதுக் கட்டையால் மூடிக்கொள்கிறது. 1970களில் அவர் விளக்கிய இந்தக் கருத்துதான் இன்றைய கவாத்து முறைக்கு அடித்தளம். மேலே பூசும் பெயின்ட் அழுகலைத் தடுப்பதில்லை. பைனுக்கோ சொந்தப் பிசினே இருக்கிறது.

பட்டுப்போன கிளைகள்

புதியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், தவறு செய்தாலும் பெரிய சேதம் இல்லை. கிளை உண்மையிலேயே பட்டுப்போனதா என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே ஈரமும் பச்சையும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. உள்பக்கத்து மெல்லிய குச்சிகள் பலவும் கையால் தட்டினாலே உடைந்து விழும். பருமனான கிளையில், உயிருள்ள பட்டை அதன் அடியைச் சுற்றிக் கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த வளையத்துக்கு வெளியே வெட்டுங்கள், வளையத்தைச் சீவிவிடாதீர்கள்.

சில சமயம் இதோடு வேலை முடிந்துவிடும். பட்டதையெல்லாம் எடுத்தபின் ஒரு நிமிடம் தள்ளி நின்று பார்த்தால், மரத்தடி வெளிச்சமாகியிருக்கும், உருவமும் தெளிவாகியிருக்கும். அதற்கு மேல் வெட்ட வேண்டிய ஆசையே போய்விட்டால் நல்லது.

கேண்டில் கிள்ளுதல்

மரத்தைச் சிறிதாகவும் அடர்த்தியாகவும் வைத்துக்கொள்ள பைனில் உள்ள ஒரே நல்ல வழி இதுதான். வசந்தத்தில் ஒவ்வொரு கிளை நுனியிலும் மொட்டு நீண்டு, ஊசி விரியாத வெளிர்நிறத் தண்டாக நிமிர்ந்து நிற்கும். அதைத்தான் தோட்டக்காரர்கள் கேண்டில் என்கிறார்கள். அந்த ஆண்டின் மொத்த வளர்ச்சியும் அதற்குள் மடிந்திருக்கிறது. அதைப் பாதியாக்கினால் அந்த ஆண்டு வளர்ச்சியும் பாதி. ஒடித்த இடத்துக்குக் கீழே புது மொட்டுகள் உருவாகி, அடுத்த ஆண்டு ஒன்றுக்குப் பதில் பல கிளைகள் வரும்.

நேரம் தவறினால் இந்த வித்தை பலிக்காது. கேண்டில் நன்றாக நீண்டிருக்க வேண்டும். ஆனால் அதிலுள்ள ஊசிகள் இன்னும் குட்டையாக, தண்டோடு ஒட்டியோ சற்றே விலகியோ இருக்க வேண்டும். விரலால் வளைத்தால் "டக்"கென்று ஒடிய வேண்டும். ஊசி முழு நீளம் விரிந்து தண்டு கட்டையாகிவிட்டதென்றால், அந்த ஆண்டுக்கான வாய்ப்பு போய்விட்டது. அதற்கப்புறம் வெட்டினால் வெட்டிய நுனியில் பெரும்பாலும் மொட்டு வராது, குச்சி காய்ந்து நிற்கும். எல்லாக் கேண்டிலும் ஒரே நாளில் தயாராவதில்லை. உச்சியில் உள்ளவை முந்தும், கீழே உள்ளவை பிந்தும். ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவையாகச் செய்வது வசதி.

செய்முறை எளிது. கேண்டிலின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நுனியை ஒடித்துவிடுங்கள். லேசான கட்டுப்பாடு போதும் என்றால் மூன்றில் ஒரு பங்கு, இறுக்கமாக வேண்டும் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. கத்தரி வேண்டாம். கத்தரி தண்டோடு சேர்த்து இளம் ஊசிகளையும் அரைகுறையாக நறுக்கிவிடும். அந்த ஊசிகள் நுனி பழுத்து மாதக்கணக்கில் அசிங்கமாக நிற்கும். ஒரு கொத்தில் நான்கைந்து கேண்டில் இருந்தால் நடுவில் இருக்கும் பலசாலியை அதிகமாகவும், ஓரத்துச் சின்னவற்றைக் குறைவாகவும் ஒடியுங்கள். எல்லாம் ஒரே அளவாக வரும்.

எல்லாக் கேண்டிலையும் அடியோடு எடுத்துவிடாதீர்கள். ஜப்பானிய முறையில் அப்படிச் செய்வார்களே என்று கேட்கலாம். கரும்பைனிலும் செம்பைனிலும் கோடைத் தொடக்கத்தில் கேண்டிலை முழுதாக வெட்டிவிடுவார்கள், உண்மைதான். அவை இரண்டும் அதே பருவத்தில் இரண்டாம் முறை துளிர்க்கும் இனங்கள். ஸ்காட்ஸ் பைன், வெள்ளைப் பைன், மியூகோ போன்றவை ஆண்டுக்கு ஒரு தடவைதான் தளிர் விடும். அவற்றில் இதைச் செய்தால் மரம் ஓராண்டு புது ஊசியே இல்லாமல் நிற்கும்.

நேரடியாகச் சொன்னால், இது ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. கை எட்டும் உயரத்தில் உள்ள ஒன்றிரண்டு மரத்துக்குச் சரி. பத்து மீட்டர் மரத்துக்கு இதை யோசிக்கவே வேண்டாம்.

இளமரத்தில் கேண்டில் கிள்ளும்போது உச்சிக் குருத்தை என்ன செய்வது என்ற கேள்வி வரும். மரம் நிமிர்ந்து வளர வேண்டும் என்றால் அதைத் தொடாதீர்கள், பக்கக் கேண்டில்களை மட்டும் கிள்ளுங்கள்.

முழுக் கிளையை எடுப்பது

கேண்டிலைத் தவிர்த்தால் பைனில் இரண்டே வகை வெட்டுதான் உருப்படி. ஒன்று, கிளையை அது பிறந்த இடத்தில் முழுதாக எடுப்பது. இன்னொன்று, கிளையைச் சுருக்கி, ஊசியோடு உயிராக உள்ள ஒரு பக்கக் கிளை பிரியும் கவையில் நிறுத்துவது. அந்தப் பக்கக் கிளை வெட்டப்படுவதன் பருமனில் மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். இடையில் எங்கேயாவது நறுக்கினால் மிஞ்சுவது முண்டுதான்.

கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேலே, கவையில், பட்டை சுருங்கி ஒரு வரப்பு போலத் தெரியும். கீழே சற்றுப் புடைத்திருக்கும். இந்தப் புடைப்புதான் காலர். மரம் தடுப்பு எழுப்புவதும் காயத்தை மூடுவதும் இங்கிருந்துதான். எனவே காலரை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட வழித்து வெட்டினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் காயம் தேவையில்லாமல் பெரிதாகி, மூட முடியாமல் திணறும். ஒரு சாண் முண்டு விட்டாலும் அது அழுகி உள்ளே இறங்கும்.

கட்டைவிரலை விடப் பருமனான கிளையை மூன்று வெட்டில் எடுங்கள். முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கி, மூன்றில் ஒரு பங்கு ஆழம். இரண்டாம் வெட்டு, அதைவிடச் சில சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து கீழாக முழுதாக. கிளை அங்கே ஒடிந்து விழும். அடிவெட்டு இருப்பதால் பட்டை கிழிந்து அடிமரம் வரை உரிந்துகொண்டு வராது. பாரம் போனபின் மிச்சமுள்ள முண்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு காலருக்கு வெளியே மூன்றாம் வெட்டைப் போடுங்கள். அவசரத்தில் முதல் இரண்டை விட்டுவிட்டு நேராக மூன்றாவதுக்குப் போகும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கிளை பாதி அறுபட்டதும் தன் பாரத்திலேயே சரிந்து, முழ நீளத்துக்குப் பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும்.

ஒரே அடுக்கில் உள்ள எல்லாக் கிளைகளையும் ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள். காயங்கள் அடுத்தடுத்து வளையமாக அமைந்து அடிமரத்தையே சுற்றி வளைத்துவிடும். இந்த ஆண்டு ஒன்று விட்டு ஒன்று, மீதியை இரண்டு ஆண்டு கழித்து. 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த காயத்தை மரம் எளிதில் மூடும். 10 சென்டிமீட்டரைத் தாண்டிய கிளை என்றால் காரணம் மிகப் பலமாக இருக்க வேண்டும்.

ஜன்னலிலிருந்து வெளியே பார்க்க வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கும் இதே வெட்டுதான். மரத்தை மொத்தமாகக் குறைக்காமல், பார்வையை மறைக்கும் ஒன்றிரண்டு கிளைகளை மட்டும் அடியோடு எடுத்தால் போதும். இரண்டு கிளையில் எவ்வளவு வானம் திறக்கும் என்பது ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டு உச்சி

இளமரத்தில் உச்சிக் குருத்துக்கு இணையாக இன்னொன்று நிமிர்ந்தால், மெலிந்ததை, வளைந்ததை, விரல் பருமனாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வளர விட்டால் இரண்டுக்கும் நடுவில் பட்டை அகப்பட்டு, கவை பலவீனமாகி, ஒரு புயலில் பிளக்கும். ஏற்கெனவே இரண்டும் தொடை பருமனாகிவிட்டால் வீட்டு ரம்பத்தால் தீர்க்கிற காரியம் இல்லை.

உச்சி ஒடிந்துபோனால், மேல் அடுக்கிலுள்ள ஒரு நல்ல கிளையை மெல்ல நிமிர்த்தி ஒரு குச்சியோடு கட்டுங்கள். மற்றவற்றின் கேண்டிலைக் கிள்ளி அடக்குங்கள். ஓரிரு ஆண்டில் அது உச்சியாகிவிடும், அப்போது கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

உயரத்தைக் குறைக்க முடியுமா

முடியாது. உச்சியை மொட்டையடித்தால் உயரம் குறைந்தது போல ஒன்றிரண்டு ஆண்டு தெரியும். பிறகு மேல் அடுக்குக் கிளைகள் எல்லாம் நிமிர்ந்து தலைமைக்குப் போட்டி போடும். வெட்டிய இடத்தில் அழுகல் இறங்கும், அதன்மேல் நாலைந்து தலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்றில் எந்த ஆபத்து வரும் என்று பயந்து வெட்டினோமோ அதை நாமே உருவாக்கிவிட்டிருப்போம். உள்கிளைகளையெல்லாம் உருவிவிட்டு நுனியில் மட்டும் தழையை விடுவதும் இந்த ரகம்தான். பாரம் முழுவதும் கிளை நுனிக்குப் போய், காற்றில் கிளை முறியும்.

இடத்துக்கு மீறி வளர்ந்துவிட்ட மரம் என்றால் இரண்டே வழிதான்: இருக்கும்படி விட்டு, அதற்கேற்ப மற்றதை மாற்றிக்கொள்வது. அல்லது முழுதாக எடுத்துவிட்டு அந்த இடத்துக்கேற்ற சின்ன இனத்தை வைப்பது. கேட்கச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால், ஆண்டாண்டாய்ச் சிதைந்து நிற்பதைவிட இரண்டாவது வழியே மேல்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

இரண்டு கால்களும் தரையில் ஊன்றி எட்டும் வரைதான் உங்கள் எல்லை. ஏணிமேல் நின்று இயந்திர ரம்பம் பிடிக்காதீர்கள். மின்கம்பிக்கு 3 மீட்டருக்குள் கிளை இருந்தால் கையால் ஒடிக்கக்கூடப் போகாதீர்கள், மின் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

வருகிற ஆளிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மரத்தில் எப்படி ஏறுவீர்கள்? முள் வைத்த காலணி என்றால் வேண்டாம். அது ஒவ்வோர் அடிக்கும் பட்டையில் ஓட்டை போடும், வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்துக்குத்தான் அது சரி. என்ன செய்யப் போகிறீர்கள்? உச்சியை எடுத்துவிடலாம் என்று சொன்னால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய பிறகு

காயத்தில் பிசின் வடிந்து வெள்ளையாக உறைந்திருக்கும். அது நல்லதே, சுரண்ட வேண்டாம். உரம் போடத் தேவையில்லை. மழை பொய்த்தால் வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். உதிர்ந்த ஊசிகளை மரத்தடியிலேயே பரப்பிவிட்டால் மண் ஈரம் காக்கும், அடிமரத்தை மட்டும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுத்த பச்சைக் கிளைகளை மரத்தடியில் குவித்து வைக்காதீர்கள். பட்டை வண்டுகள் அதில் குடித்தனம் தொடங்கி, பெருகி, பக்கத்து மரத்துக்கு ஏறும். மெல்லியவற்றைத் துண்டாக்கித் தழைக்கூளமாக்கலாம், பருமனானவற்றை உடனே அப்புறப்படுத்துங்கள். கையில் ஒட்டிய பிசினைத் தண்ணீரால் கழுவினால் போகாது. முதலில் சமையல் எண்ணெய் தடவித் தேய்த்து, அப்புறம் சோப்பு. ரம்பப் பல்லில் உறைந்ததை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, துளி எண்ணெய் பூசி வையுங்கள்.